விடை கொடுக்காத கட்டாரி

ஊஞ்சைக்குறிச்சி ராசாவின் கட்டாரி முதன்முதலாகத் தன்பாட்டில் நடந்து சொர்ணத்தாயின் வாசலுக்கு வந்த சாயங்காலம் தெருவில் யாரும் கூச்சல் போடவில்லை. விளக்கு வைக்கிற நேரம், மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன, புழுதி இன்னும் அடங்கவில்லை, அந்தப் புழுதிக்குள்ளே முழ நீளக் குத்துவாள் ஒன்று உறையோடு நிமிர்ந்து, உறையின் நுனி தரையில் உரச, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆம்பளை எந்த வேகத்தில் போவானோ அந்த வேகத்தில் போயிற்று. நாய்கள் குரைத்துப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த பெண்கள், பிடியில் பதித்திருந்த சிவப்புக் கல்லைப் பார்த்து இது அரண்மனைக் கட்டாரி என்று தெரிந்துகொண்டு, முந்தானையை இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். அது போய்ச் சொர்ணத்தாயின் படியில் நின்றது. அவள் வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

அவளை அந்தக் கட்டாரிக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து அரண்மனைகளில் இது ஒன்றும் புதுமையில்லை. பட்டத்து நாச்சியாரை மணக்கும்போது மட்டும் ராசா நேரில் போவார், மற்றக் கல்யாணங்களுக்கு அவருக்கு நேரம் இருக்காது, வரி வசூல் இருக்கும், வேட்டை இருக்கும், எல்லைச் சண்டை இருக்கும், ஆகவே கட்டாரியைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிவைப்பார், பெண் வீட்டார் அதை மணப்பலகையில் வைத்து, மாலை போட்டு, தாலியை அதன் பிடியில் ஒரு தரம் தொட்டு எடுத்து, வந்த உறவுக்காரி ஒருத்தி கையால் பெண்ணின் கழுத்தில் கட்டச் சொல்வார்கள். இப்படி எட்டுப் பேர். கோட்டைச் சுவருக்கு வெளியே கட்டாரித் தெரு என்று ஒரு தெருவே அவர்களுக்காக இருந்தது. நெல் வந்துவிடும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை வந்துவிடும், ராசா மட்டும் வரமாட்டார். அவர் வெளியே போனாலும் திரை போட்ட பல்லக்கில்தான் போவார் என்பதால் எட்டுப் பேரில் ஒருத்திகூடப் புருசன் முகத்தைப் பார்த்ததில்லை.

எட்டாவதாக வந்தவள் சொர்ணத்தாய். அவளை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி கோட்டையின் பெரிய வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் இடது பக்கம் திரும்பியபோது, "அண்ணே, இதான அரண்மனை வாசல்? வண்டி எதுக்குத் திரும்புது?" என்று அவள் கேட்டாள். கூட வந்த அண்ணன் வீரணன் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது அந்த ஆசை. புருசன் வேண்டும் என்றுகூட அவள் அவ்வளவாக நினைக்கவில்லை, அந்த வாசல் வழியாகப் பல்லக்கில் ஒரு தரம் உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான். அது அவ்வளவுதான் என்று அவளே நம்பியும் இருந்தாள், பாவம்.

கட்டாரி ஏன் இவளை மட்டும் தேடி வந்தது என்பதற்கு ஊரில் பல பேச்சு அடிபட்டது. அரண்மனைச் சோசியர் அனந்தய்யர்தான் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். இப்படிப்பட்ட கல்யாணம் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. மணப்பெண் தன் கையால் கட்டாரியின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஐயர், "மாப்பிள்ளைக்காக வந்தாய், வந்த வேலை முடிந்தது, உடையவரிடம் போ" என்று சொல்லி அதற்கு விடை கொடுக்க வேண்டும். சொர்ணத்தாயின் கல்யாணத்தன்று ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று குதிரைக்காரன் ஓடிவந்து சொல்ல, வெள்ளத்துக்கு முன்னால் அக்கரை சேர வேண்டுமே என்ற அவசரத்தில் பந்தல் பாதி பிரிந்துபோய், அனந்தய்யர் விடை கொடுக்க மறந்துவிட்டார். கட்டாரி தன்னையே மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டது.

"தாலியக் கட்டிப்போட்டு வராம இருக்கறதெல்லாம் மனுசன் பழக்கம். இரும்புக்கு அது தெரியாதே" என்றார் அனந்தய்யர். அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது.

அதற்குப் பிறகு ஊஞ்சைக்குறிச்சி அதைத் தன் நடைமுறையில் சேர்த்துக்கொண்டது. பொழுது சாய்ந்தால் கட்டாரி ஆயுதசாலையை விட்டுக் கிளம்பும், சேவல் கூவினால் திரும்பிவிடும். இரண்டு காவல்காரர்கள் பின்னால் நடந்தார்கள், மழைக்காலத்தில் துருப்பிடிக்கக் கூடாதென்று ஒருவன் குடை பிடித்தான், அது போகிற நேரத்தில் எண்ணெய் வாணியர் தன் செக்கு மாட்டை நிறுத்திவைத்தார், வண்ணார் அந்த வழியில் துணி காயப்போடுவதை விட்டார், சின்னப் பிள்ளைகள் கட்டாரி விளையாட்டு என்று ஒன்றைக் கண்டுபிடித்து ஒருவன் நிமிர்ந்து நடக்க மற்றவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். வரப்புத் தகராறுக்காரர்கள் ராசாவைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, ராசாவின் கட்டாரி இங்கேதானே இருக்கிறது என்று சொர்ணத்தாயின் முற்றத்துக்கு வந்து அதற்கு முன்னால் சத்தியம் செய்தார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அவன் மனைவி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மற்ற ஏழு பேருக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். முதலில் அவளை ஏசினார்கள், பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் தங்கள் கதவையும் திறந்துபோட்டுவிட்டு வேறு வேலையாக இருப்பவர்கள் மாதிரி உள்ளே நின்றார்கள். மூத்தவள் பேச்சியம்மை மட்டும் ஒரு நாள் வந்து, பலகையில் படுத்திருந்த கட்டாரியையும் அதற்கு முன்னால் சோறு போட்டிருந்த வாழையிலையையும் பார்த்துவிட்டு, "இதுக்குச் சோறு வேறயாடி?" என்றாள்.

"வந்து நிக்குதுல்லக்கா. வந்து நிக்கறதுக்கு ஒரு வாய் போடாம எப்படி?"

பேச்சியம்மை அந்த இலையை வெகுநேரம் பார்த்தாள். "இருபத்தெட்டு வருசமா ஒரு இலை கூடுதலா அறுக்கணும்னு எனக்குத் தோணல பாரு" என்று சொல்லிவிட்டுப் போனவள் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை.

ஊருக்கு இது வேடிக்கை. அரண்மனைக்கு இது ஆபத்து. அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டம் கட்டும்போது அய்யனார் சந்நிதியில் வாங்குகிற கட்டாரியைத் தவிர வேறு இரும்பை ராசா கையால் தொடக் கூடாது. ஆகப் பொழுது சாய்ந்துவிட்டால் இருளப்ப ராசா வெறுங்கையோடு இருந்தார். பட்டத்து நாச்சியார் பிரசவத்தில் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் தங்காமல், வாரிசு இல்லாத அரண்மனையில் வெறுங்கை ராசா. சித்தப்பா மகன் குட்டித்துரை சாயங்காலம் ஆனால் மேல்மாடத்தில் உலாத்த ஆரம்பித்தான் என்று பேசிக்கொண்டார்கள். சேவகர்கள் கட்டாரியைத் தூக்கிக்கொண்டு போய் அரண்மனையில் வைத்தால் அது இறங்கித் திரும்ப வந்தது. ஆயுதபூசையன்று மட்டும் சொர்ணத்தாய் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள், அன்று அது போன இடத்தில் இருந்தது. அவள் கொடுத்தால் இருக்கும், மற்றவர் எடுத்தால் இருக்காது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அவளுக்கும் விளங்கியது.

அனந்தய்யர் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு அவள் வீட்டுக்கு வந்தார். "தாயி, தப்பு என்னோடது. இப்ப ஊத்திட்டா எல்லாம் சரியாயிரும். உன் கையால, மனசறிஞ்சு ஊத்தணும்."

"ஊத்தறேன் சாமி. பெரிய வாசல் வழியாப் பல்லக்குல என்னை உள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ஊத்திர்றேன்."

"அது பட்டத்து நாச்சியாருக்கு உள்ள வாசலும்மா."

"அந்த இடம் காலியாத்தான கெடக்கு?"

அனந்தய்யர் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பினார். சபையில் பெரியவர்கள் கட்டாரித் தெருப் பெண்ணுக்குப் பெரிய வாசலா என்று கொதித்தார்கள். ராசா ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். அவர் எதற்குமே ஒன்றும் சொல்லாமல் இருந்து பழகிவிட்டவர்.

வீரணனுக்கு இந்தக் கூத்தில் நல்ல காலம் பிறந்தது. கட்டாரி போய்த் தங்குகிற வீட்டின் அண்ணன் என்பதால் மேற்கு வாசல் காவலுக்குத் தலைவன் ஆனான், தலைப்பாகை பெரிதானது, நடையில் ஒரு சாய்வு வந்தது. அதோடு நின்றிருக்கலாம். தளவாய் ஆக வேண்டும் என்று குட்டித்துரையோடு அவன் கைகோத்தது தங்கைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் அவன் வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னான்.

"சொர்ணம், இன்னைக்குப் பொழுது சாய எவன் வந்து கேட்டாலும் கட்டாரியக் கைய விட்டுக் குடுத்துறாத."

"கேக்க யார் வரப் போறா?"

"யார் வந்தாலும். நம்ம அருமை அவுகளுக்குத் தெரியட்டும். நாளைக்கு உனக்குப் பல்லக்கு வரும், பெரிய வாசல் திறக்கும்."

"எதுக்குண்ணே இன்னைக்கு மட்டும்?"

"அதுக்கு மேல கேக்காத தாயி."

அவள் கேட்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாலே ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்றும் தெரிந்தது, பதில் கிடைத்துவிட்டால் பல்லக்கு வராது என்பதும் தெரிந்தது, ஆகவே அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள். பிற்காலத்தில் அவள் தன்னை மன்னிக்காதது இந்த ஒன்றுக்காகத்தான். உலை கொதிக்கவே இல்லை.

அன்று கட்டாரி வந்து பலகையில் படுத்து, அவள் இலை போட்டுச் சோறு வைத்த சற்று நேரத்தில், வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகாதபோது, குதிரைக்காரர்கள் உடுத்துகிற பழுப்பு வேட்டியும் துண்டும் போட்ட ஒரு ஆள் முற்றத்தில் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும், மீசையில் நரை. அவர்தான் இருளப்ப ராசா. சதி இருக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவருக்குத் துப்புக் கிடைத்திருந்தது. அரண்மனையில் யாரை நம்பி அனுப்புவது என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்து, ஒருவரும் தேறாமல், லாயத்தில் ஒரு வேட்டியை எடுத்து உடுத்திக்கொண்டு தானே வந்துவிட்டார். சொர்ணத்தாய்க்கு இது தெரியாது. அவள் கண்ணுக்கு அவர் குதிரைக்காரர்.

"என்னப்பா, யாரு நீ?"

"அரண்மனையிலேருந்து வர்றேன் நாச்சியாரே." அந்தச் சொல்லைச் சொல்ல அவர் கொஞ்சம் தடுமாறினார். "குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார், குடித்துக்கொண்டே வீட்டுக்குள் பார்த்தார், பலகையில் படுத்திருந்த கட்டாரியையும் அதற்கு முன்னால் ஆவி பறக்கிற சோற்றையும் பார்த்தார். தன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர் முகம் அப்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"தினமும் சோறு வைப்பீகளா?"

"தினமுந்தான்."

"அது திங்காதே."

"திங்காது. அதுக்காக வைக்காம இருக்க முடியுமா? தாலி கட்டுன நாள்லேருந்து இந்தப் படியில ஏறி வந்தது அது ஒண்ணுதான்." சொல்லிவிட்டு, வேற்றாளிடம் இப்படிப் பேசுகிறோமே என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "நீ வந்த காரியத்தச் சொல்லு."

"இன்னைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் கட்டாரியக் குடுங்க நாச்சியாரே. விடிஞ்சதும் கொண்டாந்து தந்துர்றேன்."

அண்ணன் சொன்னது அவள் காதில் இருந்தது. பெரிய வாசலும் கண்ணில் இருந்தது. "உங்க ராசாவுக்கு வேணும்னா ராசா வந்து கேக்கட்டும்" என்றாள்.

"அவரே வந்தாக் குடுப்பீகளா?"

"அவரு வந்து இந்த முத்தத்துல நின்னு, நாந்தான் உன் புருசன், குடுன்னு கேட்டா, நான் எதுக்கு இல்லங்கப் போறேன்? என் கையால எடுத்துக் குடுப்பேன்."

அவர் நின்றார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல் அவர் தொண்டைவரை வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எட்டுக் கல்யாணத்துக்கும் இரும்பை அனுப்பிவைத்த மனிதர், உயிருக்குப் பயந்து ஓடிவந்த அன்றைக்கு, வேற்றாள் வேட்டியில், அந்தப் பெண்ணின் முற்றத்தில் நின்றுகொண்டு நான்தான் உன் புருசன் என்று எந்த வாயால் சொல்லுவார். மோர்ச் செம்பைப் படியில் வைத்தார். "நல்லா இருங்க" என்றார். கட்டாரியை ஒரு தரம் பார்த்தார், அது அசையவில்லை, அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார்.

பாதித் தெரு போகும்வரை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மேற்கு வாசலுக்குப் பக்கத்தில், குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியோரம் ராசா கிடந்தார். பாம்பு கடித்துவிட்டது என்றது அரண்மனை. மார்பில் கடிக்கிற பாம்பை ஊரில் யாரும் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்கு எல்லோரும் பார்த்த மாதிரியே பேசினார்கள்.

கட்டாரித் தெருப் பெண்களுக்கு அன்று பெரிய வாசல் திறந்தது. தாலி அறுப்பதற்கு முன்னால் புருசன் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பதால் எட்டுப் பேரையும் வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார்கள். சந்தனம் பூசி உட்காரவைத்திருந்த உடம்புக்கு முன்னால் ஒவ்வொருத்தியாகப் போய் நின்றார்கள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள், ஒருத்தி, "கறுப்பா இருப்பாகன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், பேச்சியம்மை அழவே இல்லை, மாலையில் ஒட்டியிருந்த ஒரு எறும்பை மட்டும் எடுத்துப் போட்டாள். கடைசியாகச் சொர்ணத்தாய். அவள் முகத்தைப் பார்த்தாள். மீசையின் நரையைப் பார்த்தாள். நேற்று மோர் குடித்தபோது அந்த மீசையில் ஒரு துளி தங்கியிருந்ததும், அதைத் துண்டால் துடைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. அவள் அடிவயிற்றிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலில் கட்டியிருந்த யானை காலை மாற்றி வைத்தது.

"இவுகதான்... இவுக வந்தாகளே... எங்கிட்ட வந்து கேட்டாகளே..." என்றாள். துக்கத்தில் என்னவோ உளறுகிறாள் என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவள் உதறிவிட்டுக் கழுத்தை நீட்டினாள். "எனக்கு அறுத்து விடுங்க. மொதல்ல எனக்கு அறுத்து விடுங்க."

ஏழு பேருக்கு அறுத்தார்கள். அவளுக்கு அறுக்கவில்லை. கட்டாரி கையில் நிலைக்காமல் குட்டித்துரை பட்டம் கட்டிக்கொள்ள முடியாது, இவள் அரண்மனைக்குள் வந்தால்தான் கட்டாரியும் இங்கே இருக்கும் என்று முந்தைய நாளே பேசி முடித்திருந்தார்கள். அனந்தய்யர் அவள் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: "விடை குடுக்காத கட்டாரிம்மா. உன் புருசன் நடமாடிக்கிட்டுல்ல இருக்காரு. உனக்கு எப்படி அறுக்கறது? நீ சுமங்கலி."

"இவுகளுக்கு நான் ஒண்ணுமில்லையா சாமி?"

"ஒண்ணுமில்ல தாயி."

அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் அன்றே சோசியத்தை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார். செத்தவருக்கு அழுகிற உரிமைகூட இல்லாமல் அவளை ஏழு பேரிடமிருந்து பிரித்துத் தனியாக ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். வீரணன் வந்து, பல்லக்கு தயாராக இருக்கிறது, இனி அவள்தான் பட்டத்து நாச்சியார், முறைப்படி வெளியே போய் மறுபடி பெரிய வாசல் வழியாக வர வேண்டும் என்றான். அவள் அண்ணனை ஏசவில்லை. ஏச வாயெடுத்தவளுக்கு முந்தின நாள் காலையில் தான் கேட்காமல் விட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது. எழுந்து போய்ப் பல்லக்கில் ஏறினாள், சங்கு ஊதினார்கள், பெரிய வாசலின் இரண்டு கதவும் திறந்தன, அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் உள்ளே வந்துவிட்டாள். கட்டாரி தங்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே அது ஆயுதசாலையிலிருந்து இறங்கி, அவள் அறையைக் கடந்து, பெரிய வாசலைத் தாண்டி, கட்டாரித் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டின் முன்னால் போய் விடியவிடிய நின்றது. புது ராசா சங்கிலி போட்டுப் பார்த்தான். கட்டாரியை எடுத்துத் தன் கையில் கொடுக்கும்படி அவளிடம் சொன்னான், அவளும் கொடுத்தாள், அதற்கும் தங்கவில்லை. பிறகு பகலில் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டான். ஊரும் பழையபடி செக்கை நிறுத்தி, துணியை எடுத்து, ஓரமாக ஒதுங்கி நின்றது. மறு கோடையில் தளவாய் வீரணனையும் பாம்பு கடித்தது. அந்தப் பாம்பைப் பற்றியும் எல்லோரும் பார்த்த மாதிரியே பேசினார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு தரம் போய்வருகிறேன் என்று அவள் ஆள் அனுப்பிக் கேட்டாள். பட்டத்து நாச்சியார் பெரிய வாசலைத் தாண்டி வெளியே போவது வழக்கமில்லை என்று பதில் வந்தது. அவள் தலைமுடி நரைத்து, பல் விழுந்து, புது ராசாவும் பழைய ராசாவாகிப் போய்ச் சேர்ந்து, அவன் மகன் பட்டத்துக்கு வந்த பிறகும் அதே பதில்தான் வந்தது. பொழுது சாய்ந்தால் மேல்மாடத்துச் சன்னலில் வந்து நிற்பாள், கட்டாரி கீழே வாசலைக் கடந்து தெருவில் இறங்குவதைப் பார்ப்பாள்.

பணிவிடைக்குப் புதிதாக வந்த ஒருத்தி, பெரியவளைத் தேற்றுவதாக நினைத்து, "உங்களத் தேடித்தான் போகுது நாச்சியாரே" என்றாள்.

"என்னையவா? நான் இங்கனதான இருக்கேன். என்னையத் தாண்டித்தான போகுது" என்றாள் சொர்ணத்தாய். "அங்க ஒருத்தர் வந்து கேட்டுட்டு வெறுங்கையோட போனார். மறுபடி வந்தார்னா அவர் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும்னு போய் நிக்குது."

தெருமுனையில் அது திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, சன்னலைச் சாத்தச் சொன்னாள்.